உதவியும் நிபந்தனையும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் கூறும் குழந்தை நல வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு நகரங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னதைக் கோபுரத்தாலும் பால்கோவாவாலும், பின்னதை நூற்பாலைகளாலும் வேட்டை நாய்களாலும் தமிழகம் அறியும். இவ்வட்டாரத்திற்கு அதிகம் பேசப்படாத மற்றொரு வரலாறும் உண்டு. தகப்பனை இழந்த பிள்ளையை யார் வளர்ப்பது, வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்வதா, வேலைக்குச் செல்வதா, பருவமெய்திய இளைஞனும் இளம்பெண்ணும் தம் காலில் நிற்க எவர் கைகொடுப்பது என்னும் கேள்விகளுக்கு இம்மண் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடி வந்துள்ளது. அவ்விடைகளுள் சில நாடு முழுமைக்கும் முன்மாதிரியாயின. சில நெடுங்காலம் தலைகுனிய வைத்தன. இரண்டிலிருந்தும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அப்பாடத்தைத் தெளிவுற உணர, முதலில் மதீனாவுக்குச் சென்று திரும்புவோம்.

மதீனாவில் ஓர் இரவு

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மதீனாவின் எல்லையில் வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அன்றிரவு கலீஃபாவும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் அக்கூட்டத்திற்குக் காவல் இருந்தனர். குழந்தை ஒன்று விடாமல் அழுதது. கலீஃபா மும்முறை சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் கூறினார். வந்தவர் யாரென அறியாத அத்தாய், தான் பிள்ளைக்குப் பால்குடி மறக்கடிக்க முயல்வதாகவும், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உமர் உதவித்தொகை வழங்குகிறார் என்பதே காரணம் என்றும் சொன்னாள். பிள்ளைக்கோ இன்னும் சில மாதங்களே நிரம்பியிருந்தன.

மறுநாள் வைகறைத் தொழுகையில் அழுகையின் மிகுதியால் கலீஃபா ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். தொழுகை முடிந்ததும், பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்றும், எவரும் அவசரப்பட்டுப் பால்குடி மறக்கடிக்க வேண்டாம் என்றும் அறிவிப்புச் செய்யப்பட்டது. எல்லா மாகாணங்களுக்கும் கடிதம் சென்றது. பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹம், வளர்ந்ததும் 200, பருவமெய்தினால் அதற்கும் மேல் என அத்தொகை வகுக்கப்பட்டது. தெருவில் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளின் பாலூட்டும் செலவையும் பைத்துல்மால் ஏற்றது.

கலீஃபாவின் ஈகைக்குச் சான்றாகவே நாம் இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். ஆட்சியியல் நோக்கில் இதில் இன்னும் ஆழமான செய்தி உண்டு. முதலில் வகுக்கப்பட்ட விதியிலும் தீய எண்ணம் ஏதுமில்லை. பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாயின் மடி இருக்கிறது, பால்குடி மறந்தபின் உணவுக்கு வழி வேண்டும் என்பதே அதன் தர்க்கம். ஆயினும் அந்த நல்விதியின் நிபந்தனையே பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து பிரித்தது. உதவி எந்த நிபந்தனையோடு வருகிறதோ, அதற்கேற்பக் குழந்தையின் வாழ்வு வளைகிறது. இந்த அளவுகோலைக் கையில் கொண்டு இனி நம் வட்டாரத்திற்குத் திரும்புவோம்.

இம்மண்ணின் இரு யத்தீம்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் பகுதியில் அமைந்தது. இப்பகுதியில் ஐந்தாண்டு இடைவெளியில் பிறந்த இருவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர்களாயினர். ஒருவர் இராஜபாளையத்தில் 1898இல் பிறந்த பூ.ச. குமாரசாமி ராஜா. மற்றவர் விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர்.

இருவருமே இளமையில் தந்தையை இழந்தவர்கள். குமாரசாமி ராஜா தாயையும் தந்தையையும் மழலைப் பருவத்திலேயே இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். காமராசரின் தாய் சிவகாமி அம்மாள் நகைகளை விற்றுக் குடும்பத்தைக் காத்தார். ஆயினும் மகனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அவர் மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். இஸ்லாமியச் சட்ட மரபில் யத்தீம் எனப்படுபவர் பருவமெய்தும் முன் தந்தையை இழந்த பிள்ளை. தாய் உயிரோடு இருந்தாலும் அப்பெயர் பொருந்தும். அவ்வகையில் இவ்விருவரும் யத்தீம்களே. பாட்டனாரும் பின்னர் பெரிய தந்தையும் வளர்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை அறிந்த நமக்கு இது வெறும் தற்செயல் செய்தியாகத் தோன்றுவதில்லை. இங்கே இன்னொரு நுட்பமும் கவனத்திற்குரியது. இவ்விருவரையும் வளர்த்தது எந்த விடுதியும் அன்று. ஒருவருக்குப் பாட்டியின் வீடு. மற்றவருக்குத் தாயின் வீடு. முதலாமவரின் வீட்டில் வசதி இருந்தது. இரண்டாமவரின் வீட்டில் அது போதவில்லை; படிப்பு பறிபோனது.

குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். பின்னர் ஒரிசாவின் ஆளுநரானார். தாம் வாழ்ந்த வீட்டையே இராஜபாளையத்தின் காந்தி கலை மன்றத்திற்காக ஈந்தார். 1952 தேர்தலில் அவர் தோல்வியுற, அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து காமராசர் வெற்றி பெற்றார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார்.

பிடி அரிசியும் மதிய உணவும்

காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, விருதுநகர் நாடார் சமூகத்தார் நிறுவிய பள்ளி. ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைத் திரட்டிப் பள்ளியை நடத்தினர். வணிகச் சரக்குகளின் மீது 'மகமை' என்னும் பெயரில் சிறு தொகை தண்டி உறவின்முறை நிதியைப் பெருக்கினர். நம் மதரஸாக்களுக்காகப் பல ஊர்களில் நம் தாய்மார்கள் எடுத்து வைத்த பிடி அரிசியை இது நினைவூட்டவில்லையா? ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தானே அமைத்துக்கொண்ட பைத்துல்மால் எனவே அதனைக் கருதலாம்.

ஆனால் பள்ளி இலவசமாயினும் வீட்டில் உலை எரியாவிடில் பிள்ளை பள்ளியில் தங்குவதில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டவர் காமராசர். அவர் பதவிக்கு வந்தபோது, 1953இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் நடைமுறையில் இருந்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் ஈடுபடலாம் என்பது அதன் ஏற்பாடு. எதிர்த்தவர்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். காமராசர் ஆட்சி 1954இலேயே அதனைக் கைவிட்டது. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறையை வழிநடத்திய நெ.து. சுந்தரவடிவேலு அதனை ஊர்தோறும் கொண்டு சென்றார். செலவில் ஒரு பகுதியை ஊர்மக்களே ஏற்றனர். பிடி அரிசி மரபு அரசுத் திட்டமாக விரிந்தது எனலாம்.

இதற்கு முன்னோடியாக 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சியினர் உணவளித்ததையும் வரலாறு மறப்பதற்கில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்கு வராத இரண்டு வயதுப் பிள்ளைக்கும் குழந்தைகள் மையத்தில் உணவு கிடைத்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது காலை உணவுத் திட்டம். ஒவ்வொரு படியிலும் உதவியின் வாயில் அகன்று, நிபந்தனை சுருங்கி வந்துள்ளதை நாம் காண்கிறோம். பால்குடி மறந்த பிள்ளையிலிருந்து பிறந்த பிள்ளைக்குச் சென்ற உமர் (ரலி) அவர்களின் விதியும் இவ்வாறே அகன்றது.

தீக்குச்சிக் கட்டையும் ஒரு தீர்ப்பும்

எனினும் மதிய உணவின் தாயகமாகிய இதே நிலம்தான் குழந்தைத் தொழிலின் களமாகவும் நெடுங்காலம் விளங்கியது. மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் செல்லச் செல்ல மழை குறைந்து கரிசல் காடு விரியும். வானம் பார்த்த வேளாண்மை பொய்த்த வீடுகளுக்குத் தீப்பெட்டித் தொழில் அன்றாடக் கூலியைத் தந்தது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் விரைவாக இயங்கின; கூலியும் எண்ணிக்கைக்கேற்பக் கிடைத்தது. விடியும் முன்னரே ஊர்ப்புறங்களுக்குப் பேருந்துகள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்று, இருட்டிய பின் கொண்டுவந்து விட்ட காலம் அது. ஒரு வேளைப் பள்ளி உணவு பிள்ளையின் பசியை ஆற்றியது. அப்பிள்ளையின் கூலியோ வீட்டார் அனைவரின் பசியையும் ஆற்றியது. இத்தராசில் பள்ளித் தட்டு உயர்ந்து போனதில் வியப்பில்லை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. அதனையடுத்துத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிய முதல் இடங்களுள் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, உணவு, மாதாந்திரச் சிறுதொகை ஆகியவற்றை அத்திட்டம் வழங்கியது. 2021இல் அது ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

இவ்வரலாற்றின் திருப்புமுனை, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பு. சிவகாசியின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அவ்வழக்கு நாடு முழுவதற்குமான ஆணையில் முடிந்தது. அபாயத் தொழிலில் பிள்ளையை அமர்த்திய முதலாளி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும். அப்பிள்ளையின் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும். இயலாவிடில் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். அந்நிதியின் வருவாய், பிள்ளை பள்ளியில் பயிலும் வரை குடும்பத்திற்குச் சேர வேண்டும்.

தண்டனையோடு நில்லாமல் வீட்டின் உலையையும் எண்ணிப் பார்த்ததே இத்தீர்ப்பின் சிறப்பு. பிள்ளை வேலையை விட்டால் வீடு பட்டினி என்னும் நிலையில், தடைச்சட்டம் மட்டும் பிள்ளையை மறைவிடத்திற்குத் தள்ளும். தாயின் நிலையை அறியாமல் பிள்ளையின் அழுகையை நிறுத்த இயலாது என்பதை மதீனாவின் அந்த இரவு கற்பித்ததல்லவா? 2009இன் கல்வி உரிமைச் சட்டமும், 14 வயதிற்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதைத் தடை செய்து, 18 வரையுள்ளோரை அபாயத் தொழில்களிலிருந்து விலக்கிய 2016இன் திருத்தமும் பின்னர் வந்தன. பள்ளி நேரம் போக, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்னும் விலக்கையும் அத்திருத்தம் வைத்துள்ளது. வீட்டுத் திண்ணையே தொழிற்கூடமாகும் ஊர்களில் இவ்விலக்கின் எல்லையைக் காப்பது பெற்றோரின் மனச்சான்றையும் அக்கம்பக்கத்தாரின் கண்ணையும் பொறுத்ததாகிவிட்டது.

பருவமெய்திய பின்

பிள்ளை பதினான்கைக் கடந்தால் நம் அக்கறையும் முடிந்துவிடுகிறது. யத்தீம்களின் சொத்தைப் பற்றிப் பேசும் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், அவர்கள் மணப்பருவம் எய்தும் வரை அவர்களைச் சோதித்து வருமாறும், பகுத்தறிந்து நடக்கும் ஆற்றலைக் கண்டபின் உடைமைகளை ஒப்படைக்குமாறும் பணிக்கிறது. சட்ட அறிஞர்கள் 'ருஷ்து' எனக் குறிக்கும் இந்த ஆற்றல் ஒரு நாளில் வந்துவிடுவதன்று. சிறு பொறுப்புகளைத் தந்து, தவறினால் திருத்தி, படிப்படியாக வளர்க்க வேண்டியது. இளைஞர் மேம்பாடு என இன்று பேசப்படுவதன் கருவும் இதுவே.

இவ்விடத்தில் தமிழகம் கண்ட இரு நிபந்தனைகளை ஒப்பிடலாம். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தமிழகத்தின் நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரில் ஒரு முறை பரவியிருந்தது. இளம்பெண்கள் ஆலை விடுதியிலேயே தங்கி மூன்றாண்டு உழைக்க வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை கிடைக்கும். இடையில் உடல் நலிந்து வெளியேறினால் அத்தொகை கைக்கு எட்டாமற்போவதும் உண்டு. உழைத்த கூலியே நிபந்தனைக்குப் பிணையானது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதன் அநீதி விளங்காமற்போகாது.

அரசோ 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது, மணமகள் எட்டாம் வகுப்பு வரையாவது பயின்றிருக்க வேண்டும் என்றது. அதனால் பெண்கள் பள்ளியில் நீடிக்க ஒரு தூண்டுதல் பிறந்தது. ஆனால் உதவியின் வாயில் திருமணமாகவே இருந்தது. 2022இல் அத்திட்டம் புதுமைப்பெண் திட்டமாக உருமாறியது; அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே சேர்ந்தது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்னும் பெயரில் அவ்வுதவி வந்தது. திருமண மேடைக்கு வந்தால் பணம் என்பதிலிருந்து, கல்லூரி வாயிலுக்கு வந்தால் பணம் என்பதற்கு மாறிய இம்மாற்றம் ஒரு தலைமுறைப் பெண்களின் கனவைத் திசை திருப்ப வல்லது.

நிபந்தனையே இல்லாத உதவி ஒன்றையும் இவ்வட்டாரம் அளித்துள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தோன்றி, அன்றைய திருநெல்வேலி ஆட்சியர் பென்னிங்டனின் பெயர் தாங்கி நிற்கும் பொது நூலகமே அது. ஒரு நாற்காலி, ஒரு நாளிதழ், ஓர் அலமாரி நூல்கள், அமைதி; இவை ஓர் இளைஞனுக்குத் தரும் ஆற்றலை அளவிட இயலாது. நம் பள்ளிவாசல் வளாகங்களில் எத்தனை அறைகள் தொழுகை நேரம் போகப் பூட்டிக் கிடக்கின்றன என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

யத்தீம்கானாக்களின் முன் ஒரு கேள்வி

இவ்வட்டாரத்தின் மலைகளுக்கு அப்பால், மலபாரில், 1921 கிளர்ச்சிக்குப் பின் எண்ணற்ற மாப்பிளாப் பிள்ளைகள் தந்தையரை இழந்தனர். அவர்களுக்காகக் கோழிக்கோட்டில் 1922இல் ஜே.டி.டி. இஸ்லாம் அனாதை இல்லம் எழுந்தது. அதன் நிறுவனத்திற்குப் பஞ்சாபிலிருந்து உதவிக்கரம் நீண்டது. வீடே அழிந்த பிள்ளைக்கு அத்தகைய இல்லம் உயிர் காத்த நிழல். தமிழகத்தின் யத்தீம்கானாக்களும் அந்த நல்லெண்ணத்தின் கிளைகளே. அவற்றில் வளர்ந்து ஆலிம்களாகவும் ஆசிரியர்களாகவும் உயர்ந்தோர் பலர்.

ஆயினும் இன்று நம் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தாய் இருக்கிறாள். கணவனை இழந்த அத்தாய் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் ஜமாஅத்திடமிருந்து அவளுக்குக் கிடைப்பது ரமளானில் ஒரு முறை ஜகாத். இல்லத்தில் சேர்த்தால் மூன்று வேளை உணவும் உடையும் கல்வியும். பிள்ளையைப் பிரிந்தால்தான் உதவி என்னும் நிபந்தனையை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அது இருக்கிறது. பால்குடி மறக்கடிக்க முயன்ற மதீனாத் தாயின் நிலைக்கும் இத்தாயின் நிலைக்கும் என்ன வேறுபாடு?

நாட்டின் சட்டமும் இதே திசையில் நகர்ந்துள்ளது. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையைக் குடும்பத்தில் வைத்துக் காப்பதே முதல் வழி, இல்லம் கடைசி வழி என்கிறது. பிள்ளைகளைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஒன்றிய அரசின் வாத்சல்யா திட்டத்தில், உறவினர் வீட்டிலோ விதவைத் தாயிடமோ வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகைக்கு வழி உண்டு. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்து உறவினர் பாதுகாப்பில் வளரும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் என வகுத்தது. பாட்டி வளர்த்த குமாரசாமி ராஜாக்களுக்கும், தாய் வளர்த்த காமராசர்களுக்கும் இவ்வுதவிகள் உரியவை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், ஆபத்திலுள்ள பிள்ளைக்காக 1098 என்னும் எண்ணை எவரும் அழைக்கலாம் என்பதும் நம் மஹல்லாக்களில் எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு படித்த இளைஞர் வெள்ளிதோறும் பள்ளிவாசல் வாயிலில் அமர்ந்தால், அதுவும் ஒரு பிடி அரிசியே.

யத்தீமைப் பொறுப்பேற்றவர் மறுமையில் தம்முடன் இரு விரல்களைப் போல நெருங்கியிருப்பார் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அப்பொறுப்பின் மிகத் தொன்மையான வடிவம் வீடே. இல்லங்களை மூடிவிடுமாறு நாம் கூறவில்லை. யாருமற்ற பிள்ளைக்கு அவை என்றும் வேண்டும். தாயுள்ள பிள்ளைக்கு ஆகும் அதே செலவை அத்தாயின் வீட்டுக்கே மாதந்தோறும் கொண்டு சேர்க்க நம் பைத்துல்மால்கள் முன்வருமா என்பதே நம் கேள்வி. தாம் வகுத்த விதியால் ஒரு பிள்ளை அழுததை அறிந்த கலீஃபா, அன்று காலையே அவ்விதியை மாற்றினார். நம் ஜமாஅத்தின் அடுத்த கூட்டம் எந்நாளில் கூடுகிறது?